76-ஆல் வகுத்தால் எஞ்சின் வந்துவிடுமா?

போன இதழில், 'மேசை மேல் ஒரு கூட்ஸ் எஞ்சின் பாதி வேலையில் கிடக்கிறது, அதனால்தான் பதில்கள் தாமதம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பிரிட்டிஷ் ரயில்வேயின் '9எஃப்' என்ற நீராவி எஞ்சின், 76-ல் ஒரு பங்கு அளவில் மாடல். அவ்வளவுதான் சொன்னேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க எஞ்சின்தான். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: புகழ்பெற்ற எக்ஸ்பிரஸ் எஞ்சின்கள் எத்தனையோ இருக்க, நிலக்கரி இழுத்த ஒன்றைப் போய் எதற்கு எடுத்தீர்கள்?

ப: எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்குப் பெயர் இருக்கும், பளபளப்பு இருக்கும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும். கூட்ஸ் எஞ்சினுக்கு நம்பர்தான். எனக்கு நம்பர்காரர்களைத்தான் பிடிக்கும்.

அதிலும் 9எஃப் கொஞ்சம் பாவப்பட்டது. 1954-லிருந்து 1960 வரை மொத்தம் 251 எஞ்சின்கள் கட்டினார்கள். குரூ தொழிற்சாலையில் 198, ஸ்விண்டனில் 53. முன்னால் இரண்டு சிறிய சக்கரம், அப்புறம் பத்துப் பெரிய சக்கரம், பின்னால் ஒன்றும் இல்லை. இதைத்தான் 2-10-0 என்று எழுதுவார்கள். 900 டன் சரக்கை மணிக்கு 35 மைல் வேகத்தில் இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்த எஞ்சின் இது. ராபர்ட் ரிடில்ஸ் என்ற எஞ்சினியர் தலைமையில் முதலில் யோசித்தது எட்டுப் பெரிய சக்கரங்கள் கொண்ட 2-8-2. ஆனால் போர்க்காலத்தில் அவரே பத்துச் சக்கர எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்திருந்தார், அதன் பிடிப்பு மனதில் இருந்ததால் 2-10-0-வுக்கே போனார். நல்ல முடிவு. ஆனால் இவை பிறந்துகொண்டிருக்கும்போதே, 1955-ல், நீராவியை விட்டுவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் போவது என்று பிரிட்டிஷ் ரயில்வே திட்டம் போட்டுவிட்டது. 1968-க்குள் ஒன்று மிச்சமில்லாமல் எல்லாம் பணியிலிருந்து போய்விட்டன. நாற்பது வருஷம் ஓட வேண்டிய எஞ்சின்களில் பல, பத்து வருஷம்கூட ஓடாமல் பழைய இரும்புக்குப் போயின. பிறக்கும்போதே ஜாதகத்தில் ஆயுள் கட்டை என்று எழுதியிருந்தால் என்ன செய்ய?

இன்னொரு காரணம், பார்வை. சக்கரத்தின் விட்டம் 5 அடி, அதற்கும் மேலே அகலமான நெருப்புப் பெட்டி, அதனால் பாய்லர் எக்கச்சக்க உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாய்லருக்கும் சட்டத்துக்கும் நடுவே மறுபக்க வெளிச்சம் தெரியும். அந்த நாளில் இதற்கு 'ஸ்பேஸ்ஷிப்' என்று பட்டப்பெயரே உண்டு. மாடலில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவருவதுதான் வித்தை, ஏனென்றால் மோட்டாரை ஒளித்துவைக்க எல்லாருக்கும் முதலில் கண்ணில் படும் இடம் அதுதான்.

கே: 50 இல்லை, 100 இல்லை, அது என்ன 76? யாராவது சீட்டுக் குலுக்கிப் போட்டார்களா?

ப: கிட்டத்தட்ட அப்படித்தான். உண்மையில் அது 76.2. நிஜத்தில் ஒரு அடி என்பது மாடலில் 4 மில்லிமீட்டர். ஒரு அடிக்கு 304.8 மி.மீ., நாலால் வகுத்துப் பாருங்கள். அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே அளவுகோலில் கட்டிப்போட்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள், நான் இல்லை. ஆனால் பழகினால் சௌகரியம். 5 அடிச் சக்கரம் என்றால் 20 மி.மீ., முடிந்தது. டெண்டரோடு, அதாவது பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியோடு, சேர்த்து எஞ்சின் நீளம் 66 அடி 2 அங்குலம், மாடலில் 26.5 செ.மீ. சுமார்.

அந்த அளவுக்கு 'டபுள் ஓ' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருப்பது 'எச்ஓ', அதாவது அடிக்கு 3.5 மி.மீ., தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும். பிரிட்டனில் சுரங்கங்களும் பாலங்களும் குறுகல், அதனால் எஞ்சின்களும் சின்னவை. ஆரம்ப காலத்து மோட்டார்கள் எச்ஓ அளவு பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் நுழையவில்லை. என்ன செய்தார்கள்? எஞ்சினை மட்டும் 4 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்! நிஜப் பாதை 4 அடி 8½ அங்குலம், அது 18.83 மி.மீ. வர வேண்டும். இருப்பதோ 16.5. கணக்குப் பார்த்தால் டபுள் ஓ எஞ்சின் ஓடுவது 4 அடி 1½ அங்குலப் பாதையில். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் எதிரே குனிந்து பாருங்கள், பெரிய ஆள் சின்ன செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இதைப் பொறுக்க முடியாதவர்கள் தண்டவாளத்தைத் தாங்களே 18.83 மி.மீ. அகலத்தில் போட்டு, சக்கரங்களை எல்லாம் கழற்றி மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது.

கே: நான் வாங்கிய 9எஃப் மாடலில் நடுச் சக்கரத்துக்கு விளிம்பே இல்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானா? திருப்பிக் கொடுக்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள்! இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

ரயில் சக்கரத்தின் உள்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் விளிம்பு இருக்கிறதே, ஃபிளாஞ்ச், அதுதான் வண்டியைப் பாதையில் பிடித்துவைக்கிறது. பொதுவாக, நீளமான எஞ்சின் மாடல்களில் நடுச் சக்கரத்தின் ஃபிளாஞ்சை எடுத்துவிடுவார்கள், குறுகிய வளைவில் திரும்ப வேண்டுமே. நுணுக்கம் பார்க்கிறவர்கள் அதை 'பொம்மைத்தனம்' என்று திட்டுவார்கள். ஆனால் 9எஃப்பில் அது பொம்மைத்தனம் இல்லை. நிஜ எஞ்சினிலேயே நடுச் சக்கரத்துக்கு ஃபிளாஞ்ச் கிடையாது! இரண்டாவது, நாலாவது அச்சுகளிலும் ஃபிளாஞ்சைக் குறைத்துதான் வைத்திருந்தார்கள். மாடல்காரன் செய்யும் தில்லுமுல்லை நிஜ எஞ்சினியரே முதலில் செய்துவிட்டார்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட வடிவியல்தான். முதல் பெரிய சக்கர அச்சிலிருந்து ஐந்தாவது அச்சு வரை 21 அடி 8 அங்குலம், அதாவது 6.6 மீட்டர். எஞ்சின் வளைவில் நிற்கும்போது இந்த 6.6 மீட்டர் ஒரு நாண். இரண்டு முனையும் பாதையின் மேல், நடு மட்டும் வளைவின் உள்பக்கமாக விலகி நிற்கும். எவ்வளவு விலகும்? நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். 9எஃப் போகக்கூடிய மிகக் குறுகிய வளைவின் ஆரம் 400 அடி, சுமார் 120 மீட்டர். விடை, நாலரை சென்டிமீட்டர். ஃபிளாஞ்ச் இருந்தால் நடுச் சக்கரம் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், இல்லை ஏறிவிடும். ஃபிளாஞ்சை எடுத்துவிட்டால் சக்கரம் தண்டவாளத்தின் தலைமேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது உங்கள் மாடலுக்கு வாருங்கள். அதே 120 மீட்டர் வளைவு, 76-ஆல் வகுத்தால் சுமார் 1.6 மீட்டர் ஆரம். வட்டமாகப் போட்டால் குறுக்கே 3.2 மீட்டர், ஒரு அறையே போய்விடும். கடையில் வாங்கும் ரயில் செட்டோடு வரும் 'செகண்ட் ரேடியஸ்' வளைவு 438 மில்லிமீட்டர்தான், நிஜத்தில் 33 மீட்டர் ஆரம். எந்த 9எஃப்பும் அதில் ஒரு அடி நகராது. அங்கே நடுச் சக்கரம் விலக வேண்டியது 2 மி.மீ.க்கும் மேல். சக்கரத்தின் ஓடும் பகுதியே மொத்தம் மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், அதில் இரண்டு போய்விட்டால்? அதனால்தான் மாடலில் அச்சுகளுக்குப் பக்கவாட்டில் ஆட்டம் கொடுத்து, நடுச் சக்கரத்தைக் கொஞ்சம் அகலமாகவும் வைக்கிறார்கள். ஒரு கண்ணாடியை வளைவுக்குப் பக்கத்தில் வைத்து, எஞ்சினைக் கையால் மெள்ளத் தள்ளிப் பாருங்கள். நடுச் சக்கரம் தண்டவாளத்தைவிட்டு உள்ளே ஒதுங்கி, பாதி அந்தரத்தில் நிற்பது தெரியும். நான் முதல்முறை பார்த்தபோது அரை மணி நேரம் வேறு வேலை செய்யவில்லை.

இதில் ஒரு பின்கதையும் உண்டு. இன்று பாதுகாத்து வைத்திருக்கும் 9எஃப்களைப் பிரிட்டனின் பிரதான ரயில் பாதைகளில் ஓட்ட விடாமல் தடுப்பதும் இந்த ஃபிளாஞ்ச் இல்லாத சக்கரம்தான். தண்டவாளம் பிரியும் பாயிண்ட்களில் இப்போது உயரமான காவல் தண்டவாளங்கள் இருக்கின்றன, பக்கவாட்டில் ஒதுங்கும் சக்கரம் அவற்றில் இடித்துவிடக் கூடும். தனியார் பாரம்பரியப் பாதைகளோடு சரி.

ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டாம். விளிம்பு இருந்திருந்தால்தான் நீங்கள் புகார் செய்திருக்க வேண்டும்.

கே: நிஜ எஞ்சின் 88 டன் என்று படித்தேன். மாடல் ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டாமா? என்னுடையது அரைக் கிலோகூட இல்லையே.

ப: 88 டன்னை 76-ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு மேல் வருகிறதே, மேசை தாங்குமா! நீளம் 76-ல் ஒன்று, அகலமும் உயரமும் அப்படியே. மூன்றையும் பெருக்கினால் எடை நாலு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்தில் ஒரு பங்கு. டெண்டர் இல்லாமல் எஞ்சின் மட்டும் 200 கிராம் வர வேண்டும். உங்களுடையது அதற்கு மேலேயே இருக்கும். வேண்டுமென்றே கனம் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். ஆக உங்கள் எஞ்சின் அளவுப்படி பார்த்தால் குண்டு.

கே: சார், என்னிடம் இருக்கும் பழைய மாடலில் மோட்டார் எஞ்சினில் இல்லை, பின்னால் நிலக்கரி வைக்கும் டெண்டரில் இருக்கிறது. இது முறையா?

ப: ஒரு காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். எஞ்சின் இழுப்பதில்லை, டெண்டர் தள்ளுகிறது, எஞ்சின் முன்னால் கம்பீரமாகச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு போகிறது. மாட்டை வண்டி தள்ளுகிற கதை. ஆனால் ஒரு நன்மை, நான் முன்னால் சொன்ன அந்த வெளிச்சம், பாய்லருக்கு அடியில், அது இந்த மாடல்களில் தாராளமாகத் தெரியும். மோட்டார்கள் சின்னதாகிவிட்ட பிறகு அதை நெருப்புப் பெட்டிக்குள் படுக்கவைத்து, கியர் வழியாக ஒரே ஒரு அச்சை ஓட்டி, மற்ற நாலையும் சக்கரங்களை இணைக்கும் பக்கத்துக் கம்பிகளாலேயே சுற்றவைக்கிறார்கள்.

கே: என் மாடலைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். திரும்பப் பூட்டினால் நொண்டுகிறது. அரைச் சுற்று ஓடும், நிற்கும், ஒரு குலுக்கு, மறுபடி ஓடும். எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டேன், தண்டவாளத்தையும் துடைத்துவிட்டேன்.

ப: கழற்றும்போது சக்கரத்தை அச்சில் திருகிவிட்டீர்கள். எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. என் முதல் 9எஃப்பில் நாலாவது அச்சின் இடது சக்கரம் ஒரு மயிரிழை திரும்பியிருந்தது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் கோளாறு எங்கே என்று கண்டதும் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது.

விஷயம் இதுதான். பக்கத்துக் கம்பியைச் சக்கரத்தோடு மாட்டும் முளை ஒன்று ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும். நீராவி எஞ்சினில் இடது பக்க முளையும் வலது பக்க முளையும் ஒரே நிலையில் இருக்காது. ஒன்று மேலே நிற்கும்போது மற்றது கிடையாக நிற்கும், 90 டிகிரி வித்தியாசம். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டு தள்ள முடியாமல் நிற்கும்போது மற்றப் பக்கத்துப் பிஸ்டன் முழு பலத்தோடு தள்ளும். அப்படி இல்லாவிட்டால் எஞ்சின் ஏதாவது ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். மாடலில் பிஸ்டன் தள்ளுவதில்லை, ஆனால் கம்பிகள் ஐந்து அச்சையும் இணைக்கின்றன, ஐந்திலும் அந்த வித்தியாசம் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். 90 என்பதே 88 ஆக இருந்தால்கூடப் பாதகமில்லை, ஐந்தும் 88 ஆக இருக்க வேண்டும். நாலு 90, ஒன்று 87 என்றால் நீங்கள் சொன்ன நொண்டல்.

எப்படிப் பிடிப்பது? மோட்டாரைக் கழற்றுங்கள். கம்பிகளையும் கழற்றிவிட்டு, கியர் உள்ள அச்சையும் பக்கத்து அச்சையும் மட்டும் இணைத்து, சரிவான பலகையில் வைத்துத் தானாக உருளவிடுங்கள். உருண்டால் சரி, அடுத்த அச்சைச் சேருங்கள். எந்த அச்சைச் சேர்த்ததும் முரண்டு பிடிக்கிறதோ அவன்தான் கள்ளன். சக்கரத்தைத் திருப்பும்போது இடுக்கி வேண்டாம், ஆரக்கால் ஒடிந்துவிடும். இரண்டு கைக் கட்டைவிரலாலும் இரண்டு சக்கரத்தையும் பிடித்து எதிரெதிராக, துணி பிழிகிற மாதிரி, ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு பலத்தோடு. முளையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும், ரிட்டர்ன் கிராங்க். இரண்டு பக்கமும் முளை கீழே வரும்போது அது ஒரே திசையில் சாய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஓட்டத்துக்குக் கெடுதல் வராவிட்டாலும் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

கே: ஒரு பழைய படத்தில் 9எஃப்பின் புகைபோக்கி மேலே இல்லாமல், டிரைவர் அறைக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாட்டில் இருக்கிறது. படம் போலியா?

ப: நிஜம்தான். 92020 முதல் 92029 வரை பத்து எஞ்சின்களில், 1955-ல், இத்தாலியிலிருந்து வந்த ஃபிராங்கோ-கிராஸ்டி பாய்லரை வைத்துப் பார்த்தார்கள். பாய்லரைச் சூடாக்கிய புகையை அப்படியே வெளியே விடாமல், அடியில் இன்னொரு உருளைக்குள் பின்பக்கமாகத் திருப்பி, அதைக்கொண்டு தண்ணீரை முன்கூட்டியே சுடவைப்பது. கரி மிச்சமாகும் என்று நம்பினார்கள். மிச்சமானது கொஞ்சம், அமிலம் அரித்தது நிறைய, புகை வேறு டிரைவர் முகத்திலேயே அடித்தது. சில வருஷத்தில் கீழ் உருளையை அடைத்துவிட்டுச் சாதாரணமாக ஓட்டினார்கள். ஆனால் அந்தப் பாய்லர் சிறுத்தது, கடைசிவரை இந்தப் பத்தும் மற்றவற்றோடு சேராமல் ஒல்லியாகவே தெரிந்தன. மாடல் செய்கிறவர்கள் சாதாரண பாய்லர் உடம்பில் 92025 என்று நம்பர் ஒட்டினால் மாட்டிக்கொள்வார்கள்.

கே: பச்சை நிற 9எஃப் ஒன்று 'ஈவனிங் ஸ்டார்' என்று பெயர்ப் பலகையோடு விற்கிறார்கள். நம்பர்காரர்களுக்குப் பெயர் கிடையாது என்கிறீர்களே? அதற்குப் பின்னால் பயணிகள் பெட்டி மாட்டினால் தப்பா?

ப: மாட்டிவிட்டீர்களே என்னை! 92220 ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. பிரிட்டிஷ் ரயில்வே தனக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சின் அது, 1960 மார்ச் மாதம் ஸ்விண்டனில் பெயர் சூட்டி வெளியே விட்டார்கள். மற்ற 250-ம் வெறும் கறுப்பு, கோடு கிடையாது, இது மட்டும் கரும்பச்சையில் கோடு போட்டு, புகைபோக்கிக்குச் செப்புத் தொப்பி. கடைசியாகக் கட்டியது 92220, ஆனால் கடைசி நம்பர் 92250. அது 1958-லேயே குரூவில் முடிந்துவிட்டது. இரண்டு தொழிற்சாலைக்கும் நம்பரை முன்கூட்டியே பங்கு போட்டுக் கொடுத்ததால் வந்த குழப்பம், வினாடி வினாவில் வைத்தால் நாலு பேரை மடக்கலாம்.

பயணிகள் பெட்டி தாராளமாக மாட்டலாம். சாமர்செட்-டார்செட் பாதையில் ஏற்றம் அதிகம், கோடைக்காலக் கூட்டத்துக்கு 9எஃப்களை அனுப்பினார்கள். 1962 செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பாதையில் கடைசி 'பைன்ஸ் எக்ஸ்பிரஸ்' வண்டியை இழுத்ததே ஈவனிங் ஸ்டார்தான். ஒரே நிபந்தனை, உங்கள் மாடல் ஊரில் பனி பெய்யக் கூடாது. சரக்கு எஞ்சின் என்பதால் பெட்டிகளுக்கு வெந்நீராவி அனுப்பும் குழாய் இதில் இல்லை, குளிரில் பயணிகள் நடுங்கியிருப்பார்கள். 92220-ன் சேவை 1965-லேயே முடிந்தது, ஐந்தே வருஷம். இப்போது தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சொத்து.

கே: கூட்ஸ் வண்டி என்றால் எத்தனை வேகன்? எவ்வளவு வேகம்?

ப: நாட்டிங்ஹாம் பக்கம் ஆன்ஸ்லியிலிருந்து உட்ஃபோர்டுக்கு 9எஃப்கள் நிலக்கரி இழுத்த ஓட்டம் பிரசித்தம், 'விண்ட்கட்டர்' என்பார்கள். 16 டன் இரும்பு வேகன் ஒன்று மாடலில் 8 செ.மீ. சுமார். ஐம்பது மாட்டினால் நாலு மீட்டர், எஞ்சின் தன் வாலைத் தானே துரத்தும். இருபதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண் மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். இன்னும் குறைவாக வேண்டுமென்றால் டைன் டாக்கிலிருந்து கான்செட் இரும்பாலைக்குப் போன தாது வண்டியைச் செய்யலாம். பெரிய வேகன்கள், எண்ணிக்கை கம்மி, ஏற்றத்தில் பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளும். அதற்கென்றே பத்து எஞ்சின்களில் பக்கவாட்டில் காற்றுப் பம்ப் வைத்திருந்தார்கள், வேகன் கதவைக் காற்றழுத்தத்தில் திறக்க. 92060-லிருந்து 66 வரை, அப்புறம் 92097 முதல் 99 வரை. அந்தப் பம்ப் இருந்தால் எஞ்சினுக்கு ஒரு தனி முரட்டுத்தனம் வந்துவிடும், எனக்குப் பிடிக்கும்.

வேகத்தில்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கூட்ஸ், மாடலில் ஒரு மீட்டரைக் கடக்க ஏழு வினாடி எடுத்துக்கொள்ள வேண்டும். பாதை ஓரம் இரண்டு குச்சி நட்டு, எண்ணிப் பாருங்கள். முதலில் பொறுமை போகும். நிஜ 9எஃப் மணிக்கு 90 மைல் வரை ஓடியதாகப் பதிவு இருக்கிறது, அந்த வேகத்துக்குக்கூட ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு வினாடி ஆகும். வீட்டில் பிள்ளைகள் திருகும் திருகலில் அது ராக்கெட்.

மெதுவாக ஓட்டினால் ஒரு பரிசு உண்டு. அளவும் வேகமும் ஒரே விகிதத்தில் குறைவதால், சக்கரம் வினாடிக்கு எத்தனை சுற்று என்பது மட்டும் நிஜத்திலும் மாடலிலும் ஒன்றே. 40 கிலோமீட்டருக்கு வினாடிக்கு இரண்டே கால் சுற்று சொச்சம். கம்பிகளின் அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் தொடர முடியும், அப்போதுதான் அது பொம்மை மாதிரி இல்லாமல் எஞ்சின் மாதிரி இருக்கிறது.

கே: கறுப்பு எஞ்சின்தானே, கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா போதுமா?

ப: போதாது, அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். நான் திறந்தேன்; ஷூவுக்குப் பாலிஷ் போட்ட மாதிரி வந்தது. நல்ல கறுப்பைச் சின்ன உருவத்தில் பூசினால் நுணுக்கம் எல்லாம் அதற்குள் விழுந்து காணாமல் போய்விடும். அடர் சாம்பலில் துளி பழுப்புக் கலந்து, மங்கலாகப் பூசுங்கள். அப்புறம் அழுக்கு. ஆனால் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பாய்லரின் தோளில் சாம்பல், வால்வைச் சுற்றி உப்பு வடிந்த வெள்ளைக் கோடு, பிரேக் கட்டைகளில் துரு, பாதையோரச் சட்டத்தில் புழுதி, கம்பிகளில் மட்டும் எண்ணெய்ப் பளபளப்பு. டிரைவர் பிடித்து ஏறும் கைப்பிடி தேய்ந்து பளிச்சென்று இருக்கும், அங்கே பென்சில் கரியை விரலால் ஒரு தேய்ப்பு. டெண்டரில் பிளாஸ்டிக் கரி வந்திருந்தால் பெயர்த்துப் போட்டுவிட்டு நிஜ நிலக்கரியைச் சுத்தியலால் பொடித்து, சலித்து, நீர்த்த பசையில் ஒட்டுங்கள். கரிக்கு மட்டும் நிஜமே போதும், அதன் பளபளப்பு எந்தப் பெயின்ட்டிலும் வராது.

கே: அப்பா வைத்திருந்த மாடலைப் பரணிலிருந்து எடுத்தேன். உலோகச் சட்டம் வாழைக்காய் மாதிரி வளைந்து, தொட்டால் உதிர்கிறது. துருவா?

ப: துரு இல்லை. வார்ப்புக்குப் பயன்படுத்தும் துத்தநாகக் கலவையில் ஈயம் துளி கலந்துவிட்டால், வருஷக் கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். முதலில் உப்பும், அப்புறம் வளையும், பிறகு காய்ந்த ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். ஈரமும் சூடும் இருந்தால் சீக்கிரம். மருந்து கிடையாது, கோந்து போட்டு ஒட்டினாலும் பக்கத்தில் வெடிக்கும். ஆனால் மேல் உடம்பு பிளாஸ்டிக் என்றால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. சட்டம் வளைந்து அதையும் பிளப்பதற்குள் இன்றே கழற்றிவிடுங்கள். அதே அச்சு இடைவெளியுள்ள வேறு சட்டம் கிடைத்தால் அப்பாவின் எஞ்சின் மறுபடி ஓடும். பக்கத்தில் வைத்த மற்ற மாடல்களுக்கு ஒட்டுமா என்று பயப்பட வேண்டாம், இது தொற்று நோய் இல்லை.

கே: புகை வரவைக்கலாமா?

ப: வரும். அதற்கென்று எண்ணெயைச் சூடாக்கும் கருவி இருக்கிறது. புகையை மட்டும் 76-ஆல் வகுக்க முடியாது, ஊதுபத்தி ஏற்றிய மாதிரி இருக்கும். நீங்கள் கஷ்டப்பட்டுப் பூசிய அழுக்கின் மேல் எண்ணெய் படியும், தண்டவாளத்தில் வழுக்கும். நான் போடுவதில்லை.

கே: அப்படியானால் உங்கள் மேசையில் பாதி வேலையில் கிடப்பது எந்த நம்பர்?

ப: 92250. கீசல் என்ற ஆஸ்திரிய எஞ்சினியரின் வடிவப்படி இதற்கு மட்டும் தட்டையான, நீளவாட்டுப் புகைபோக்கி வைத்தார்கள், முன்னாலிருந்து பார்த்தால் கத்திவிளிம்பு மாதிரி இருக்கும். பித்தளைத் தகட்டை மடித்து மூன்று தடவை செய்துவிட்டேன், மூன்றும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கின்றன. நாலாவது இப்போது பசை காய்ந்துகொண்டிருக்கிறது, இதை எழுதி முடிக்கும் வரை தொடக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.